தறிக்குச் சத்தம் உண்டு, லேப்டாப்புக்கு இல்லை

போன இதழில், வீட்டிலிருந்தபடி ஃப்ரீலான்ஸ் வேலை செய்கிறவர்கள் எழுதுங்கள் என்று கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பாதி காஸ் சிலிண்டரைப் பற்றியே இருக்கின்றன. பல்லடம் பக்கத்தில் 12 வருஷமாக நானும் வீட்டிலிருந்தே மொழிபெயர்ப்பு வேலை எடுத்துச் செய்கிறவன், அதனால் எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை.

வாசகி, கோபிசெட்டிபாளையம்: சப்டைட்டில் எழுதுகிறேன். வீட்டுக்காரர் காலையில் கடைக்குப் போய்விடுவார். அப்புறம் சிலிண்டர் வாங்குவது, மாமியாரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போவது, ஒரம்பரை (சொந்தக்காரர்கள்) வந்தால் காபி வைத்துப் பேசிக்கொண்டிருப்பது எல்லாம் நான்தான். "ஊட்டுல சும்மாதான இருக்கற" என்கிறார்கள். எப்படிப் புரியவைப்பது?

அம்மணி, என் அப்பா சோமனூர் பக்கம் கூலிக்கு நெசவு செய்தவர். வீட்டை ஒட்டின ஷெட்டில் நாலு விசைத்தறி. ஜவுளிக்காரர் பாவும் நூலும் கொடுப்பார், மீட்டருக்கு இவ்வளவு என்று கூலி. நாம் செய்வதும் அதே ஜாப் ஒர்க்தான். ஆனால் தறி ஓடும்போது அப்பாவை யாரும் ரேஷன் கடைக்குப் போகச் சொன்னதில்லை, ஒரம்பரை வந்தாலும் ஷெட் வாசலில் நின்று கையைக் காட்டிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். காரணம் சத்தம். தறி நின்றால் காசு நிற்கிறது என்பது தெருவுக்கே காதில் விழும். நீங்கள் லேப்டாப்பில் ஒரு படத்துக்கு 1,200 வரி எழுதி முடித்தாலும் அடுத்த அறைக்குக் கேட்காது.

என் அம்மாவிடம் "டெட்லைன்" என்று மூன்று வருஷம் சொல்லிப் பார்த்தேன். ஒருநாள் "கதவு சாத்தியிருந்தா தறி ஓடுதுன்னு நெனச்சுக்கோங்கம்மா" என்றேன். அன்றைக்கே புரிந்துகொண்டார்கள், கதவைத் தட்டுவதும் நின்றது. நீங்களும் 10 மணியிலிருந்து 1 மணி வரை என்று நேரம் வைத்துக் கதவைச் சாத்துங்கள். பணம் வந்த அன்று எவ்வளவு வந்தது என்று மாமியார் காதுபடச் சொல்லுங்கள், அதுவும் ஒரு சத்தம்தான். சிலிண்டருக்கு ஓ.டி.பி. பெரும்பாலும் வீட்டுக்காரர் போனுக்குத்தான் வருகிறது. அதைப் பக்கத்து வீட்டு அக்காவுக்கு அவரே அனுப்பி வாங்கி வைக்கச் சொல்லலாம். ஆஸ்பத்திரிக்கு ஒரு முறை நீங்கள், ஒரு முறை அவர்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நான் கதவைச் சாத்தினால் வேலை என்றார்கள், எனக்குத் தெரிந்த பெண்கள் சாத்தினால் திமிர் என்றார்கள். அது நியாயமில்லை. அதனால் இந்தப் பேச்சை மாமியாரிடம் எடுக்க வேண்டியவர் உங்கள் வீட்டுக்காரர்தான், அவரிடம் இந்தப் பக்கத்தைக் காட்டுங்கள்.

வாசகர், திருப்பூர்: பனியன் கம்பெனிகளுக்கு லேபிளும் கேட்லாக்கும் டிசைன் செய்கிறேன். ஒரு பார்ட்டி நாலு மாதமாக "அடுத்த வாரம்" என்கிறார். அழுத்திக் கேட்டால் "நமக்குள்ள என்ன தம்பி" என்கிறார்.

நமக்குள்ள என்ன என்று சொல்கிறவர் நூல்காரருக்கும் அப்படிச் சொல்ல முடியுமா தம்பி? முடியாது, நூல் வராது. டிசைனை மட்டும் முழுசாகக் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறோம். இனிமேல் பாதிப் பணம் முன்னால் வாங்குங்கள், மீதி வரும்வரை தெளிவு குறைந்த மாதிரியை மட்டும் அனுப்புங்கள், அச்சுக்குப் போகிற ஃபைல் பணத்துக்கு அப்புறம்தான்.

அடுத்து, உத்யம் என்கிற, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவைச் செய்யுங்கள். அரசு இணையதளத்தில் ஆதார் எண்ணை வைத்து இலவசமாகவே செய்யலாம், இதற்குக் காசு கேட்கிற தளங்கள் பக்கம் போகாதீர்கள். தனி ஆளாகச் சேவைத் தொழில் செய்கிறவரும் குறுந்தொழில் என்று பதியலாம். 2006-ல் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் சட்டப்படி, பதிந்த குறு, சிறு தொழில்காரருக்கு எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளில் பணம் தர வேண்டும், ஒப்பந்தம் இல்லை என்றால் 15 நாள். தவறினால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல (மற்ற வங்கிகளுக்குக் கடன் கொடுக்க அது வைத்திருக்கிற வட்டி) மூன்று மடங்கு, மாதா மாதம் கூட்டு வட்டி. அரசு இணையதளத்தில் புகாரும் கொடுக்கலாம். இதைவிட வேலை செய்வது அந்தப் பார்ட்டியுடைய ஆடிட்டரின் வாய்தான். கெடு தாண்டியும் தராத பணத்தை அந்த வருஷச் செலவாக வருமான வரியில் கழிக்க முடியாது, கொடுக்கிற வருஷத்தில்தான் கழிக்கலாம். 2023-24 கணக்கு வருஷத்திலிருந்து இந்த விதி இருக்கிறது. பில்லிலேயே உத்யம் எண்ணைப் போட்டு அனுப்பினால் ஆடிட்டர் கண்ணில் படும். ஆனால் பதிவுக்கு முன்னால் முடித்த வேலைக்கு இந்தச் சட்டம் கை கொடுக்கும் என்று நம்பியிருக்க முடியாது, ஆகவே அந்த நாலு மாதப் பாக்கிக்கு நேரில் போய் உட்காருவதுதான் வழி. எனக்கும் ஒரு கம்பெனி ஏழு மாதம் இழுத்தது. காலை 10 மணிக்குப் போய் வரவேற்பறையில் சாயங்காலம் வரை உட்கார்ந்தேன், 5 மணிக்குச் செக் வந்தது.

வாசகர், உடுமலை: பொண்ணு பார்க்கப் போன இடத்தில் எந்தக் கம்பெனி என்று கேட்டார்கள். ஃப்ரீலான்ஸ் என்றதும், "அப்ப வேலைக்குப் போறதில்லீங்களா" என்று கேட்டுவிட்டுப் பேச்சைத் தேங்காய் விலைக்கு மாற்றிவிட்டார்கள்.

தேங்காய் விலைக்குப் போனார்கள் என்றால் தென்னந்தோப்பு வைத்திருக்கிறவர்கள், அவர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது லேசு. தோப்புக்கும் ஒண்ணாம் தேதிச் சம்பளம் கிடையாது. "உங்களுக்கு வெட்டுக்கு வெட்டு பணம் வர்ற மாதிரி எனக்கு வேலைக்கு வேலை வருதுங்க" என்று சொல்லுங்கள். பெண்ணைப் பெற்றவர்கள் கேட்பது ஞாயமான கேள்வி, காசு விடாமல் வருமா என்பதுதான் அது. மூன்று வருஷ வருமான வரிக் கணக்கை எடுத்து வையுங்கள், நாளைக்கு வீட்டுக் கடன் கேட்டால் பேங்கும் அதைத்தான் கேட்கும். கூடவே ஆறு மாதச் செலவுக்கான பணம் கையில் இருக்கட்டும். இரண்டும் இல்லை என்றால் கல்யாணத்தை ஒரு வருஷம் தள்ளிப் போடுவது நல்லது.

வாசகி, பொள்ளாச்சி: வேலை முடித்துக் கொடுக்க வேண்டிய நாளன்று பார்த்து மாதாந்திரப் பராமரிப்பு என்று காலையிலேயே கரண்ட்டை நிறுத்திவிடுகிறார்கள்.

எந்தத் துணை மின் நிலையம் என்பது முன்கூட்டியே பேப்பரில் வந்துவிடும், அதைப் பார்ப்பதைப் பழக்கமாக்குங்கள். ரவுட்டருக்கு மட்டும் ஒரு 12 வோல்ட் மினி யூ.பி.எஸ். வாங்கினால், லேப்டாப் பேட்டரியோடு இரண்டு மூன்று மணி நேரம் ஓட்டலாம். அன்றைக்குக் கெடு இருந்தால் கரண்ட் இருக்கிற ஒரம்பரை வீட்டுக்குக் கிளம்பிவிடுங்கள், அவர்களும் எத்தனை முறை உங்கள் வீட்டுக்கு வந்திருக்கிறார்கள்.

ஒரு தாய், காங்கேயம்: எம்பட பையன் கோயமுத்தூர் வேலையை உட்டுப்போட்டு வந்து மாடி ரூம்ல உக்காந்து ஏதோ பண்றானுங்க. ராத்திரியில இங்கிலீஷ்ல பேசறான், பகல்ல தூங்கறான். ஊருக்குள்ள கேட்டா என்ன சொல்றதுன்னு தெரியல.

அம்மா, நியூயார்க்கில் காலை 9 மணி ஆகும்போது நமக்கு வெயில் காலத்தில் சாயங்காலம் 6.30, மார்கழியில் ராத்திரி 7.30. கலிஃபோர்னியாக்காரர்கள் என்றால் இன்னும் 3 மணி நேரம் கழித்துத்தான் ஆபீசில் வந்து உட்காருவார்கள். அதனால் பையனுக்கு நைட் ஷிஃப்ட், மில்லில் பார்க்கிற மாதிரிதான். ஊரில் கேட்டால் அமெரிக்காக்காரங்களுக்கு ஜாப் ஒர்க் பண்றான் என்று சொல்லுங்கள், நம்ம பக்கம் அது யாருக்கும் புரியும். என்ன வேலை என்று ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து காட்டச் சொல்லிப் பாருங்கள். காலை 7 மணிக்கு எழுப்பி மாட்டுக்குத் தண்ணி வைக்கச் சொல்லாதீர்கள், சாயங்காலம் அவனே வைக்கட்டும். ராத்திரி 11 மணிக்கு மேல் பசிக்கும், அரிசிம்பருப்புச் சாதம் மீதி இருந்தால் ஒரு கிண்ணத்தில் மூடி வையுங்கள்.