நரம்புச் சிதைவு நோய்களுக்கு மருந்து உருவாக்க மரபணு வெளிப்பாடும் பயோமார்க்கர்களும் எப்படி உதவுகின்றன? எங்கே சறுக்குகிறது?

மருந்து எதைத் தாக்க வேண்டும் என்று தேட மரபணு வெளிப்பாடு, அதாவது எந்த மரபணுவிலிருந்து (ஜீன்) எவ்வளவு ஆர்.என்.ஏ. நகல் உருவாகிறது என்ற அளவு. கொடுத்த மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க பயோமார்க்கர், அதாவது ரத்தத்திலோ தண்டுவடத் திரவத்திலோ அளக்கக்கூடிய அடையாளப் பொருள். இரண்டிலும் ஏமாற வாய்ப்புண்டு.

முதலில் தேடல். இறந்தவர்களின் மூளைத் திசுவை அரைத்து மொத்தமாக ஆர்.என்.ஏ. எடுக்கிறோம். நல்ல திசுவில் நூற்றுக்கு 30 செல்கள் நியூரான், நோயுற்றதில் 20 என்று வைத்துக்கொள்ளுங்கள். மிஞ்சிய நியூரான்கள் பழையபடியே இயங்கினாலும், நியூரானுக்கே உரிய ஜீன்கள் அத்தனையும் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாகத் தெரியும். அந்தப் பட்டியலிலிருந்து இலக்கைத் தேர்ந்தால் இழப்பைத்தான் எண்ணியிருப்போம், காரணத்தை அல்ல. உறைந்த திசுவிலிருந்து செல் உட்கருக்களைப் பிரித்து ஒவ்வொன்றாகப் படிப்பது இதற்காகத்தான். அதிலும் ஓட்டை உண்டு: உட்கருவுக்கு வெளியே இருக்கும் ஆர்.என்.ஏ. கைக்கு வராது. மூளையின் நோய் எதிர்ப்புச் செல்களான மைக்ரோகிளியா கிளர்ச்சியுறுவதைக் காட்டும் ஜீன்கள் சில அப்படித்தான் விட்டுப்போகின்றன.

ஜீன்வாரியாக எண்ணுவதோடு நின்றுவிடவும் கூடாது. தசைகளை இயக்கும் நரம்புகள் அழியும் ஏ.எல்.எஸ். நோயில் டி.டி.பி.-43 புரதம் உட்கருவை விட்டு வெளியேறியதும், ஸ்டாத்மின்-2 ஜீனின் ஆர்.என்.ஏ.வில் இருக்கக் கூடாத ஒரு துண்டு நுழைந்து, அது பாதியிலேயே முடிந்துவிடுகிறது. 2019-இல் இது வெளிவந்தது. எண்ணிக்கை மட்டும் பார்த்தவருக்கு 'ஸ்டாத்மின்-2 குறைவு' என்பதோடு சரி. ஆர்.என்.ஏ. எப்படி வெட்டி ஒட்டப்படுகிறது என்று பார்த்தவருக்கே அந்தத் துண்டைத் தடுக்கும், ஆர்.என்.ஏ.வில் ஒட்டி வேலை செய்யும் ஆன்டிசென்ஸ் மருந்துக்கு வழி கிடைத்தது.

இனி பயோமார்க்கர். என் பார்வையில் அதிகம் குழப்பிக்கொள்வது இங்கேதான். இலக்குப் புரதம் குறைந்தது என்பது ஒரு செய்தி; நரம்புச் சேதம் குறைந்தது என்பது வேறு செய்தி. ஹன்டிங்டன் நோய்க்கான டோமினெர்சன் என்ற மருந்து, தண்டுவடத் திரவத்தில் பிறழ்ந்த ஹன்டிங்டின் புரதத்தைக் குறைக்கத்தான் செய்தது. ஆனால் 8 வாரத்துக்கு ஒருமுறை மருந்து பெற்றவர்களின் நிலை பிளாசிபோ (மருந்தில்லாப் போலி) பெற்றவர்களைவிட மோசமானது. மூளைக்குள் திரவம் நிறைந்த அறைகளும் விரிந்தன. 2021 மார்ச்சில் மருந்து கொடுப்பதை நிறுத்தினார்கள்.

எஸ்.ஓ.டி.1 ஜீன் பிறழ்வால் வரும் ஏ.எல்.எஸ்.ஸுக்கான டோஃபெர்சன் மருந்தில் நடந்தது நேர்மாறு. 108 பேர் பங்கேற்ற 28 வாரச் சோதனையில், உடலியக்க மதிப்பெண் என்ற முதன்மை அளவுகோலில் அது தேறவில்லை. ஆனால் எஸ்.ஓ.டி.1 புரதத்தோடு, நரம்பிழை சிதையும்போது ரத்தத்தில் கசியும் நியூரோஃபிலமென்ட் லைட்டும் நன்றாகக் குறைந்தது. அதை ஆதாரமாக வைத்து அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2023 ஏப்ரலில் விரைவு அனுமதி வழங்கியது. சரியான முடிவு என்றே சொல்வேன்: சேதம் முதலில் அடங்கும், தசை பலத்தில் அது தெரியப் பல மாதங்கள் ஆகும்.

நியூரோஃபிலமென்ட்டை அளக்கும்போது கவனம் தேவை. வயது ஏற ஏற அது கூடும். சிறுநீரகம் பழுதானாலும் கூடும். உடல் எடை அதிகமானால் குறைவாகக் காட்டும். எனவே ஒருவரை அவருடைய தொடக்க அளவோடு ஒப்பிடுவதே நம்பகமானது. அல்சைமருக்கு அளக்கும் அமிலாய்டு பீட்டா 42-க்கு வேறு தொல்லை, அது குழாய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். தண்டுவடத் திரவத்தை நேராக பாலிப்ரொப்பிலீன் குழாயில் பிடியுங்கள், குழாய் மாற்றி மாற்றி ஊற்றாதீர்கள். 42-ஐத் தனியாகப் பார்க்காமல் அமிலாய்டு பீட்டா 40-உடன் விகிதமாகப் பாருங்கள். இரண்டுமே ஒட்டுவதால் பிழை பெருமளவு கழிந்துவிடும்.