பரங்கிமலை ரயில் நிலையம் பழையதா, புதியதா?

புதுக் கட்டடத்தைப் பார்த்துவிட்டுக் கேட்கிறீர்கள். நிலையம் பழையதுதான். 1931-இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் தடத்தில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியபோதே இங்கும் நின்றது. அப்போது மீட்டர் பாதை. 1,500 வோல்ட் நேர்மின்சாரம். அறுபதுகளில் அது 25,000 வோல்ட் மாறுமின்சாரமானது. மீட்டர் பாதை அகலப்பாதையாக மாறத்தான் வெகுகாலம் பிடித்தது. அன்று தண்டவாளங்களுக்கு இடையே ஒரே மீட்டர், இன்று 1.676 மீட்டர். இந்தத் தடத்தின் கடைசி மீட்டர் பாதை மின்சார ரயில் 2004 ஜூலை 1-இல் ஓடியது. அந்தக் குறுகலான பெட்டிகளில் கம்பியைப் பிடித்துப் போனவர்களுக்கு இன்றும் மனசு கனக்கும்.

அப்புறம் 2016-இல் பக்கத்திலேயே மெட்ரோ வந்தது. என்னைக் கேட்டால் நிஜமான மாற்றம் அதுதான். ரயில் நிலையங்களைப் புதுப்பிக்கும் மத்திய அரசின் அம்ரித் பாரத் திட்டத்தில் எழுந்த இந்தப் புதுக் கட்டடம் 2025 மே 22-இல் திறக்கப்பட்டது.