'மிஸ் எவர்ஸ் பாய்ஸ்' என்ற அமெரிக்கப் படத்தில் கறுப்பின ஆண்களுக்கு நோயை ஊசியில் ஏற்றினார்கள். அதில் வரும் நர்ஸ் எல்லாம் தெரிந்தும் ஏன் வாயைத் திறக்கவில்லை? அவரும் குற்றவாளிதானே?

படம் பார்த்த கோபத்தோடு கேட்கிறீர்கள், புரிகிறது. நான் பதினாறு வருஷமாக ஸ்டாஃப் நர்ஸ், அதனால் இந்தக் கேள்வியைத் தாண்டிப் போக முடியவில்லை.

குற்றம்தான், மறுக்கவில்லை. படத்தில் வருவது நிஜமாக நடந்த டஸ்கீகி ஆய்வு. சிஃபிலிஸ் என்ற பால்வினை நோய்க்கு மருந்து கொடுக்காமல் விட்டால் என்ன ஆகும் என்று பார்க்க, 1932இல் அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில் மேகன் கவுன்டியில் தொடங்கியது. சிஃபிலிஸ் இருந்த 399 கறுப்பின ஆண்கள், இல்லாதவர்கள் 201 பேர். நோய் இருந்தவர்களிடம் 'கெட்ட ரத்தம்' என்று மட்டும் சொன்னார்கள். 1947 வாக்கில் பென்சிலின்தான் இதற்கு மருந்து என்று ஆன பிறகும் கொடுக்கவில்லை, 1972இல் பத்திரிகையில் வெளிவரும்வரை அப்படியே ஓடியது. படத்தில் வரும் எவர்ஸ் கற்பனைப் பெயர், ஆனால் யூனிஸ் ரிவர்ஸ் என்ற நிஜ நர்ஸை வைத்துதான் அந்தப் பாத்திரம். அவரும் கறுப்பினப் பெண். காரில் கூட்டிப்போவார், வீட்டுக்குப் போய் நலம் விசாரிப்பார், அவர் சொன்னால் அந்த மனிதர்கள் நம்புவார்கள். 'இலவச சிகிச்சை' என்று கூப்பிட்டு முதுகுத்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்தார்கள், அது வெறும் பரிசோதனை.

அந்த இடத்தில்தான் எனக்கு நெஞ்சை அடைத்தது.

வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது வருஷம், ஒரு தனியார் ஆஸ்பத்திரி. ஒரு தாத்தாவுக்கு அதே முதுகு ஊசி. டியூட்டி டாக்டர் ஃபார்மை என் கையில் கொடுத்து "கையெழுத்து வாங்கிடுங்க சிஸ்டர்" என்று போய்விட்டார். தாத்தாவுக்கு எழுதத் தெரியாது. மை தொட்டு ரேகை வைத்துவிட்டு, நான் ஸ்பிரிட் பஞ்சால் அவர் கட்டைவிரலைத் துடைத்துக்கொண்டிருந்தபோது, "இந்த ஊசி போட்டா தலைவலி போயிருமா தாயி?" என்று கேட்டார். "போயிரும் தாத்தா" என்றேன். பிறகு அவரை ஒருக்களித்துப் படுக்க வைத்து, இறால் மாதிரி சுருட்டிப் பிடித்துக்கொண்டதும் நான்தான். டிஸ்சார்ஜ் அன்று மகளிடம், "இந்தத் தாயி ஊசிதான் என்னைக் காப்பாத்துச்சு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை.

உடனே யாராவது 'இதையும் அதையும் ஒப்பிடலாமா' என்று வருவீர்கள். ஒப்பிடவில்லை. எங்கள் தாத்தாவுக்கு அந்தப் பரிசோதனை தேவைப்பட்டது, ரிப்போர்ட் வந்ததும் சரியான மருந்து கொடுத்தார்கள், பிழைத்தார். அங்கே மருந்தைக் கையில் வைத்துக்கொண்டே சாகவிட்டார்கள். நான் சொல்வது அந்த "போயிரும் தாத்தா" என்ற வார்த்தையைப் பற்றி மட்டும். அது வாயில் எவ்வளவு சுலபமாக வரும் என்று எனக்குத் தெரியும்.

அப்புறம், நோயாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியது டாக்டர். ஆனால் ராத்திரி முப்பது படுக்கைக்கு ஒருத்தியாக நிற்கிறவள் தலையில்தான் அதுவும் விழுகிறது, ஃபார்மில் ஒரு கையெழுத்து விட்டுப்போனால் மெமோவும் அவளுக்கே. நம் சினிமாவிலோ நர்ஸ் என்றால் காமெடிக்கு, இல்லை ஒரு பாட்டுக்கு. இத்தனை வருஷம் பார்த்தும் அது எனக்குப் பழகவில்லை.

இந்தப் படத்திலும் எனக்கு ஒரு வருத்தம் உண்டு. எவர்ஸாக வரும் ஆல்ஃப்ரி வுடார்டின் நடிப்பு அபாரம், அதனாலேயே பார்க்கிறவர் கோபம் முழுக்க அந்த நர்ஸ் மேல் போகிறது. மருந்து கொடுக்கக் கூடாது என்று முடிவெடுத்தது அமெரிக்கப் பொதுச் சுகாதாரச் சேவையின் டாக்டர்கள்.

இன்னொன்று, 'நோயை ஊசியில் ஏற்றினார்கள்' என்று எழுதியிருக்கிறீர்கள், அது நடக்கவில்லை. அந்த 399 பேருக்கும் முன்பே நோய் இருந்தது. கேள்வியில் அந்த வரியை மட்டும் திருத்திவிடுங்கள்.