நோயாளிகளின் கோப்புகள்: டேட்டாபேஸா, ஃபோல்டரா?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் சாட்ஸ்வொர்த்தில் என் கணவர் கிளினிக் நடத்துகிறார். பதிவு, கணக்கு, மெடிக்கல் எய்ட் (மருத்துவக் காப்பீட்டுத் திட்டம்) பில் எல்லாம் என் பொறுப்பு. அலமாரியில் இருக்கும் நோயாளிக் கோப்புகளை ஸ்கேன் செய்து கம்ப்யூட்டரில் ஏற்றப் போகிறோம். மென்பொருள் விற்கும் ஒருவர் எல்லாவற்றையும் டேட்டாபேஸுக்குள் (தகவல்களை ஒழுங்காகச் சேமித்துத் தேடித் தரும் மென்பொருள்) வைப்பதுதான் பாதுகாப்பு என்கிறார். இன்னொருவர் சர்வரில் ஃபோல்டர் போதும், பாதி விலைதான் என்கிறார். எதை வாங்கலாம்? பழைய கோப்புகளை எத்தனை வருடம் வைத்திருக்க வேண்டும்?

பதில்: 'டேட்டாபேஸ்' என்ற சொல்லுக்காக மட்டும் கூடுதல் பணம் கொடுக்காதீர்கள், சகோதரி. டேட்டாபேஸும் கடைசியில் டிஸ்கில் கிடக்கும் கோப்புகள்தான். என்கிரிப்ஷன் (சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி மாற்றுவது) செய்யாமல் விட்டால், சர்வரைத் தூக்கிக்கொண்டு போகிறவன் இரண்டையுமே படித்துவிடுவான்.

ஆனாலும் முதலாமவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. டேட்டாபேஸில் நோயாளியின் பதிவும் ரத்தப் பரிசோதனை அறிக்கையும் ஒன்றாகவே சேரும். ஏற்றும்போது கரண்ட் போனால் இரண்டுமே சேராது, அவ்வளவுதான். ஃபோல்டர் முறையில் பதிவு இருக்கும், கோப்பு இருக்காது. அல்லது யாருடையது என்று தெரியாத கோப்பு மிஞ்சும். லோட் ஷெட்டிங்கில் அடிபட்ட நமக்கு இது சின்ன விஷயம் அல்ல.

ஃபோல்டரில் எனக்குப் பெரிய கவலை கோப்பின் பெயர். பலரும் அடையாள எண்ணையே பெயராகப் போட்டுவிடுகிறார்கள். நம் 13 இலக்க எண்ணில் முதல் 6 இலக்கம் பிறந்த தேதி. அதோடு 'எச்ஐவி ரிசல்ட்' என்றும் சேர்ந்திருந்தால் கோப்பைத் திறக்கவே வேண்டாம், ரகசியம் வெளியே போய்விட்டது. பெயர் அர்த்தமில்லாத எழுத்துக் கோவையாக இருக்க வேண்டும். அது யாருடையது என்பது டேட்டாபேஸுக்கு மட்டுமே தெரிய வேண்டும். ரிசப்ஷன் கம்ப்யூட்டரிலிருந்து நேராகத் திறக்கும் ஷேர் ஃபோல்டராகவும் இருக்கக் கூடாது. அந்தக் கம்ப்யூட்டரில் வைரஸ் வந்தால் எல்லாக் கோப்பும் பூட்டிக்கொள்ளும்.

அளவையும் பாருங்கள். மைக்ரோசாஃப்ட் ஆய்வாளர்கள் 2006-இல் அளந்து பார்த்தபோது, 256 கிலோபைட்டுக்குக் குறைந்தவற்றை டேட்டாபேஸும், 1 மெகாபைட்டைத் தாண்டியவற்றைக் கோப்பு முறையும் நன்றாகக் கையாண்டன. இன்றைய மென்பொருளில் இந்த எண்கள் மாறலாம், போக்கு அதேதான். ஆகவே கடிதம், லேப் அறிக்கை போன்ற தாள்கள் மட்டும் என்றால் முதலாமவரிடமே வாங்குங்கள். எக்ஸ்ரே, சிடி ஸ்கேன் படங்களும் சேருமென்றால், படங்களை என்கிரிப்ட் செய்த கோப்பாகவும் விவரங்களை டேட்டாபேஸிலும் வைக்கச் சொல்லுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் இருவரிடமும் கேளுங்கள்: என்கிரிப்ஷன் சாவி எங்கே இருக்கும்? அதே சர்வரில் என்றால் பூட்டியும் பயனில்லை. யார் எந்தக் கோப்பை எப்போது திறந்தார் என்று காட்ட முடியுமா? நாளை வேறொருவரிடம் மாறினால் எல்லாவற்றையும் சாதாரண பிடிஎஃப்பாக எடுத்துத் தருவாரா? முக்கியமாக, பேக்கப் எங்கே? 2024 ஜூனில் நம் தேசிய சுகாதார ஆய்வகச் சேவையைத் தாக்கியவர்கள் பேக்கப்பையும் சேர்த்தே அழித்தார்கள். ஒரு பிரதியாவது நெட்வொர்க்கில் இணையாமல், கிளினிக்குக்கு வெளியே இருக்கட்டும். அதிலிருந்து ஒரு கோப்பை உங்கள் கண் முன்னே மீட்டுக் காட்டிய பிறகே மீதிப் பணத்தைக் கொடுங்கள்.

தனிநபர் தகவலைப் பாதுகாக்கும் நம் போப்பியா சட்டப்படி உடல்நலத் தகவல் தனிப் பாதுகாப்புக்குரியது. 2021 ஜூலை 1 முதல் மீறினால் நடவடிக்கை உண்டு. அபராதம் 1 கோடி ராண்ட் வரை போகலாம். மென்பொருள் யாருடையதானாலும் பொறுப்பு உங்கள் கணவருடையது. விற்பவரோடு பாதுகாப்புக் குறித்து எழுத்து ஒப்பந்தம் கட்டாயம்.

கால அளவு: நோயாளி வருவது நின்றதிலிருந்து குறைந்தது 6 ஆண்டு என்பது மருத்துவ கவுன்சிலின் வழிகாட்டல், சிறு வயதினருக்கு 21 வயது நிறையும் வரை. மீட்புச் சோதனை முடியும் வரை தாள்களைக் கிழிக்க வேண்டாம்.