அக்காவுக்கு ஒட்டாத போன் தம்பிக்கு ஏன் ஒட்டுகிறது?

கோத்தகிரியிலிருந்து ஒரு அம்மா எழுதியிருக்கிறார்: "மகனுக்கு 16 வயது. கூச்ச சுபாவம், சின்ன விஷயத்துக்கும் பதறுவான். பிளஸ் ஒன்னுக்குப் புதுப் பள்ளியில் சேர்த்தோம். இப்போது ராத்திரி 2 மணி வரை போனில் கேம்தான். பிடுங்கினால் சாப்பிடாமல் கதவைச் சாத்திக்கொள்கிறான். அவன் அக்காவும் இதே வீட்டில்தான் வளர்ந்தாள், வேண்டியதைப் பார்த்துவிட்டு போனை வைத்துவிடுவாள். இவன் பிறவிக் குணமே இப்படியா? தேயிலை ஃபாக்டரியில் நைட் ஷிஃப்ட் பார்க்கும் இவன் அப்பா, கீழே மேட்டுப்பாளையத்தில் ஹாஸ்டலில் போட்டுவிடலாம் என்கிறார்."

சகோதரி, குணத்துக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. எளிதில் கவலைப்படுகிற பிள்ளைகளும், ஒரு வேலையைத் திட்டம் போட்டு முடிக்கும் பழக்கம் குறைவாக உள்ள பிள்ளைகளும் இணையத்தில் அதிகம் சிக்குகிறார்கள் என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பச் சொல்கின்றன. அதற்காக சிக்கியே தீருவார்கள் என்று இல்லை. தூக்கம் கெட்டாலே பதற்றம் கூடும் என்பதால் எது முதலில் வந்தது என்று பிரிப்பதும் சுலபமில்லை. அந்த வயதில் பொறுப்பு கொஞ்சம் சரிந்து அப்புறம் ஏறுவதும் சகஜம்தான்.

உங்கள் கடிதத்தில் நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்தப் புதுப் பள்ளி விஷயத்தில்தான் என் மனம் நிற்கிறது. பழைய நண்பர்கள் இல்லை, வகுப்பில் வாய் திறக்கப் பயம், சாயங்காலம் விளையாடலாம் என்றால் மழை, இருட்டு, தேயிலைக் காட்டில் கரடியும் காட்டெருமையும். கேமில் மட்டும் நாலு பேர் அவனைக் கூப்பிடுகிறார்கள், அவன் வந்தால்தான் டீம் ஜெயிக்கும் என்கிறார்கள். பதறுகிற பிள்ளைக்கு அது எவ்வளவு பெரிய ஆறுதல் என்று நினைத்துப் பாருங்கள். அதனால் ஹாஸ்டல் வேண்டவே வேண்டாம், கூச்சப்படுகிறவனை இன்னும் தெரியாத முகங்களுக்கு நடுவில் தள்ளுவதாகிவிடும்.

மேட்ச் நடுவில் போனைப் பிடுங்காதீர்கள், கூட ஆடுகிறவர்களிடம் திட்டு வாங்குவது அவன்தான். எத்தனை மேட்ச், எத்தனை மணிக்கு நிறுத்துவது என்று பகலில், கோபம் இல்லாத நேரத்தில் அவனையே சொல்லச் சொல்லுங்கள். ராத்திரி எல்லார் போனும், உங்களுடையதும் சேர்த்து, ஹாலில் சார்ஜில் இருக்கட்டும். பள்ளியில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுகிறான் என்று கேளுங்கள், பதில் வர நாளாகும். அக்காவோடு ஒப்பிடுவதை மட்டும் இன்றே நிறுத்திவிடுங்கள், கெஞ்சிக் கேட்கிறேன்.

2022-இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலில் கேமிங் கோளாறும் இருக்கிறது. நிறுத்த முடியாமை, மற்ற எல்லாவற்றையும் விட கேமே முக்கியமாகிவிடுவது, கெடுதல் தெரிந்தும் தொடர்வது, இவை பொதுவாக 12 மாதம் நீடித்தால்தான் அந்தப் பெயர். உங்கள் மகனுக்கு அதை நீங்களோ நானோ சூட்ட முடியாது. ஆனால் பள்ளிக்குப் போக மறுத்தாலோ, சாப்பாடு தொடர்ந்து குறைந்தாலோ, உயிரோடு இருக்கப் பிடிக்கவில்லை என்கிற மாதிரி ஒரு வார்த்தை வந்தாலோ 12 மாதக் கணக்கெல்லாம் பார்க்காதீர்கள், அன்றைக்கே ஊட்டி அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். அதற்கு முன்பேகூட 14416-க்குப் பேசலாம். அது டெலி மானஸ், அரசின் இலவச மனநல உதவி எண், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலேயே பேசலாம். முதலில் நீங்கள் பேசுங்கள், அவனைக் கட்டாயப்படுத்த வேண்டாம்.