வாசகர் கேட்டவை: ஒன்றரை லட்சமும் தை மாதக் கல்யாணமும்

இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி கேமரா வாங்குவது பற்றித்தான். தை நெருங்குகிறது, வேறென்ன! ஒரே மாதிரிக் கேள்விகளை ஒன்றாகச் சேர்த்துவிட்டேன். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டிருப்பதால் எல்லாருக்கும் ஊர் மட்டும்.

கேள்வி: பி.காம். முடித்துவிட்டு ஒரு ஸ்டுடியோவில் உதவியாளராகப் போய்க்கொண்டிருக்கிறேன். முதலில் லைட் பிடித்தேன், இப்போது கேண்டிட் எடுக்கவும் விடுகிறார்கள். இனி சொந்தமாக ஆர்டர் பிடிக்கலாம் என்று ஆசை. சவுதியில் இருக்கும் மாமா ஒன்றரை லட்சம் தருவதாகச் சொல்கிறார். தை மாதத்துக்கு ஒரு சர்ச் கல்யாணமும், நாகர்கோவில் மண்டபத்தில் ஒரு கல்யாணமும் பேசி வைத்திருக்கிறேன். மொத்தப் பணத்துக்கும் புது ஃபுல் ஃப்ரேம் (பெரிய சென்ஸார்) பாடி வாங்கு, லென்ஸ் பிறகு சேர்க்கலாம் என்கிறார்கள் நண்பர்கள். எது வாங்கலாம் அண்ணே?
— கருங்கல் வாசகர்

பதில்: தம்பி, நண்பர்கள் சொல்லும் வரிசை தலைகீழ். பணம் முழுவதையும் பாடியில், அதாவது லென்ஸ் இல்லாத வெறும் கேமராவில், போட்டுவிட்டு, கூடக் கொடுக்கும் கிட் லென்ஸோடு சர்ச்சுக்குள் நுழைகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பீடத்தில் வெளிச்சம் இருக்கும், மக்கள் உட்காரும் பக்கம் மங்கல். ஃபாதரோ போதகரோ ஃபிளாஷ் அடிக்கக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிடலாம். பீடத்துப் படியில் ஏற விடாத இடங்களும் உண்டு. பக்கவாட்டில் தூணோரம் நின்றபடி ஜூம் செய்துதான் எடுக்க வேண்டும். ஜூம் செய்ததும் கிட் லென்ஸ் எஃப் 5.6-க்கு இறங்கிவிடும் (எஃப் எண் கூடினால் உள்ளே வரும் வெளிச்சம் குறையும்). அதே இடத்தில் எஃப் 2.8 லென்ஸ் நான்கு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். அதாவது நீங்கள் ஐஎஸ்ஓவை (வெளிச்ச உணர்திறன்; ஏற்றினால் படத்தில் புள்ளி விழும்) 12,800-க்கு ஏற்றித் திணறும் இடத்தில், பக்கத்தில் நிற்பவர் 3,200-இல் நிதானமாக எடுத்துக்கொண்டிருப்பார். அவர் கையில் 2014-இல் வந்த நிக்கான் டி750 இருந்தாலும் அவர் ஆல்பம்தான் சுத்தமாக வரும்.

அதனால் பாடிக்குப் பாதிப் பணத்துக்கு மேல் போக வேண்டாம். செகண்ட் ஹேண்டே போதும். பாடி விஷயத்தில் நான் விட்டுக்கொடுக்காத நிபந்தனை ஒன்றே ஒன்று: இரண்டு மெமரி கார்டு போட இடம் இருக்க வேண்டும். டி750, நிக்கான் இசட்5, சோனி ஏ7 மார்க் 3, கேனான் ஆர்6 எல்லாவற்றிலும் உண்டு. கேனான் 6டி, 6டி மார்க் 2, ஆர்8 ஆகியவற்றில் ஒரு கார்டுதான். நல்ல கேமராக்கள், படமும் அழகாக வரும். ஊர் சுற்றப் போகிறவர் தாராளமாக வாங்கட்டும். அட்வான்ஸ் வாங்கிய வேலைக்கு வேண்டாம். கார்டு நடுவழியில் செத்துப்போனால் பெண் வீட்டாரிடம் போய் என்ன சொல்வீர்கள்?

இரண்டு இடம் இருந்தால் மட்டும் போதாது, மெனுவுக்குள் போய்ச் சொல்லி வைக்க வேண்டும். ஒரு கார்டு நிறைந்தபின் அடுத்ததற்குப் போவது ஒரு முறை, ஒரே படத்தை இரண்டிலும் எழுதுவது இன்னொரு முறை. நமக்கு வேண்டியது இரண்டாவது. நிக்கானில் 'பேக்கப்' என்றிருக்கும். இதைக்கூடப் பார்க்காமல் வருடக்கணக்கில் கல்யாணம் எடுக்கிறவர்களை எனக்குத் தெரியும்.

அடுத்தது லென்ஸ். முதல் வருடத்துக்கு இரண்டு போதும். ஒன்று, எஃப் 2.8 நார்மல் ஜூம். சோனி என்றால் டாம்ரான் 28-75, நிக்கான் அல்லது கேனான் டிஎஸ்எல்ஆர் (உள்ளே கண்ணாடி உள்ள கேமரா) என்றால் டாம்ரான் 24-70. இரண்டையும் பழையதாகத் தேடலாம். மற்றொன்று 85 மிமீ எஃப் 1.8. தூணோரம் நிற்கும்போது மோதிரம் மாற்றுவதையும் பெண்ணின் முகத்தையும் இதுதான் பிடித்துத் தரும். தூரத்தை இழுக்கும் 70-200 ஜூம் எல்லாருக்கும் கனவுதான். அது வேண்டிய நாளில் மட்டும் வாடகைக்கு எடுங்கள்.

மண்டபக் கல்யாணத்தில் கதை வேறு. மேடையில் சொந்தபந்தம் நெருக்கியடிக்கும். ஹோமப் புகை கிளம்பும். வீடியோக்காரர் தன் லைட்டை ஒரு நிறத்தில் போட்டிருப்பார், மண்டபத்துக்காரர் இன்னொரு நிறத்தில். இங்கே ஃபிளாஷ் இல்லாமல் கரை ஏற முடியாது. கேமரா மேல் ஒன்று, ஸ்டாண்டில் குடையோடு ஒன்று, இரண்டையும் பேச வைக்க ஒரு டிரிகர். மூன்றும் ஒரே கம்பெனியாக இருக்கட்டும். கோடாக்ஸ் என்றால் முழுக்க கோடாக்ஸ். கேமரா மேல் இருப்பது லித்தியம் பேட்டரி மாடலாக இருந்தால் குரூப் போட்டோ வரிசையில் ஃபிளாஷ் சார்ஜ் ஆகட்டும் என்று யாரையும் காக்க வைக்க வேண்டியிருக்காது. மாப்பிள்ளையின் பெரியப்பாக்கள் காத்திருக்க மாட்டார்கள், இறங்கிச் சாப்பிடப் போய்விடுவார்கள்.

மிரர்லெஸ் (உள்ளே கண்ணாடி இல்லாத கேமரா) வாங்கினால் இன்னொன்று. சர்ச்சில் சத்தம் வரக் கூடாது என்று சைலன்ட் ஷட்டரில் வைக்கத் தோன்றும். எல்இடி விளக்குகளுக்குக் கீழே அப்படி எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடு விழலாம். நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ், விளக்கு நொடிக்கு 100 தடவை மினுங்குகிறது, சைலன்ட் ஷட்டர் படத்தை வரி வரியாக வாசிக்கிறது. சாதாரண ஷட்டருக்கு மாற்றி 1/100-இல் வைத்துப் பாருங்கள். மெனுவில் மினுக்கத்தைத் தவிர்க்கும் ஆன்ட்டி ஃபிளிக்கர் இருந்தால் அதையும் போடுங்கள். கல்யாணத்துக்கு முந்தின ஞாயிறு பூசைக்குப் போய் பத்துப் படம் எடுத்துப் பார்த்துவிட்டால் அன்றைக்குப் பதறாது. முன்கூட்டியே ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போங்கள்.

இரண்டாவது பாடி கட்டாயம் பையில் இருக்க வேண்டும். சொந்தமாக வாங்கச் சொல்லவில்லை. வாடகைக்கு எடுங்கள், அல்லது கூட இருக்கும் நண்பரிடம் கேளுங்கள். அதே மவுண்ட்டாக (லென்ஸ் மாட்டும் வாய்) இருந்தால் லென்ஸ் மாற்றிக்கொள்ளலாம். ஆனால் இப்போதே சொல்லி வையுங்கள். மார்கழியில் இந்துக் கல்யாணம் இல்லை, கிறிஸ்துமஸுக்கு முந்தின திருவருகைக் காலத்தில் கத்தோலிக்கக் கல்யாணமும் அரிது. அதனால் தை பிறந்ததிலிருந்து தவக்காலம் தொடங்கும்வரை நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் எல்லாரும் ஒன்றாகத்தான் கட்டுவார்கள். வளைகுடாவில் இருப்பவர்கள் லீவு போட்டு வருவதும் அப்போதுதான். அந்த நேரத்தில் மார்த்தாண்டத்தில் வாடகை பாடி கிடைக்கவில்லை என்றால் களியக்காவிளை தாண்டித் திருவனந்தபுரம்தான் போக வேண்டும்.

மாமா கேமராவாகவே வாங்கி வருகிறேன் என்று சொன்னால் அவசரப்பட்டுத் தலையாட்ட வேண்டாம். வாரண்டி இந்தியாவில் செல்லுமா என்று பில் போடும் முன்பே கார்டைப் படித்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஜப்பான் உள்நாட்டுச் சந்தைக்கு விட்ட சோனி என்றால் மெனு ஜப்பானிய மொழியில் மட்டும் இருக்கும். விலை மலிவு என்று யாராவது நீட்டினால் மெனுவைத் திறந்து பார்த்துவிட்டுப் பேசுங்கள். விமான நிலையத்துச் சுங்கத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். பணமாக அனுப்பச் சொல்வதே நல்லது.

கேள்வி: பக்கத்து ஊரில் ஒருவர் நிக்கான் டி5600-ஐயும் 50 மிமீ 1.8டி லென்ஸையும் சேர்த்துக் கொடுக்கிறார். ஷட்டர் கவுண்ட் வெறும் 9,000 என்கிறார். பிறந்தநாள், காதுகுத்து மாதிரி சின்ன வேலைக்குப் போதும்தானே?
— கொல்லங்கோடு வாசகர்

பதில்: வேலைக்குப் போதும். ஆனால் அந்த ஜோடி பொருந்தாது. டி5600-க்குள் ஃபோகஸ் மோட்டார் கிடையாது. 1.8டி லென்ஸுக்கு பாடியில் இருக்கும் மோட்டார்தான் ஃபோகஸைத் திருப்ப வேண்டும். இரண்டையும் சேர்த்தால் கையால்தான் திருப்பணும். காது குத்தும்போது குழந்தை துள்ளுகிற துள்ளலுக்கு அது ஆகாது. அதே 50 மிமீ 1.8-இல் 'ஜி' என்று முடியும் ஏஎஃப்-எஸ் லென்ஸைக் கேளுங்கள். அதில் மோட்டார் உள்ளேயே இருக்கிறது.

ஷட்டர் கவுண்ட்டை (ஷட்டர் இதுவரை அடித்த எண்ணிக்கை) வாயால் சொன்னால் நம்ப வேண்டாம். உங்கள் கார்டைப் போட்டு ஒரு படம் எடுத்து, அந்த ஜேபெக்கை வீட்டுக் கம்ப்யூட்டரில், படத்தோடு பதிந்த எக்ஸிஃப் விவரங்களை முழுக்கக் காட்டும் மென்பொருளில் திறந்து பாருங்கள். நிக்கானில் எண் படத்துக்குள்ளேயே இருக்கும். கேனானில் பொதுவாக அப்படி இராது, கேமராவையே இணைத்துப் படிக்கும் தனி மென்பொருள் வேண்டும். வீடியோவுக்கு ஓடிய மணிக்கணக்கு இந்த எண்ணில் தெரியாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

கடற்கரை ஊர்க் கேமரா என்பதால் நான் எண்ணைவிட இரும்பைத்தான் பார்ப்பேன். லென்ஸைக் கழற்றி மவுண்ட்டில் இருக்கும் ஸ்க்ரூக்களைப் பாருங்கள். ஃபிளாஷ் மாட்டும் இடத்தின் தகட்டைப் பாருங்கள். பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே இருக்கும் தொடுமுனைகளைப் பாருங்கள். பழுப்பாகவோ பச்சையாகவோ பொடி படிந்திருந்தால் உப்புக் காற்று உள்ளே போயிருக்கிறது. பேசாமல் திரும்பி வந்துவிடுங்கள்.

லென்ஸை இருட்டு அறைக்குக் கொண்டுபோய், அப்பெர்ச்சர் (வெளிச்சம் நுழையும் துளை) முழுக்கத் திறந்திருக்க, பின்பக்கம் ஃபோன் டார்ச்சை அடித்து முன்பக்கத்திலிருந்து சாய்த்துப் பாருங்கள். தூசி புள்ளியாகத் தெரியும், அதனால் பாதகமில்லை. ஓரத்திலிருந்து நூல் நூலாகக் கிளை விட்டுப் பரவியிருந்தால் பூஞ்சை. 'துடைத்தால் போய்விடும்' என்பார்கள். கண்ணாடி மேல் பூச்சை அது தின்றுவிட்டால் துடைத்தும் தடம் போகாது. அப்புறம், பழைய பில்லைக் கேளுங்கள். பில்லில் இருக்கும் சீரியல் எண் கேமராவின் அடியில் இருக்கும் எண்ணோடு ஒத்துப்போக வேண்டும். பில் தொலைந்துவிட்டது என்றால், விற்பவரின் கையெழுத்தோடு ஒரு தாளாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

கேள்வி: வீட்டில் இருந்தபடியே குழந்தைகள் படம், புதுநன்மை, வளைகாப்பு எடுத்துச் சம்பாதிக்க நினைக்கிறேன். கையில் 40,000 ரூபாய். ஃபுல் ஃப்ரேம் இல்லாமல் காசு கேட்டால் சிரிப்பார்களா?
— தக்கலை வாசகி

பதில்: யாரும் கேமராவின் வயிற்றைப் பிளந்து பார்ப்பதில்லை, தங்கச்சி. ஃபுல் ஃப்ரேமைவிடச் சின்னதான ஏபிஎஸ்-சி சென்ஸார் உள்ள பழைய பாடி ஒன்று, 35 மிமீ எஃப் 1.8 அல்லது அதற்கு நெருக்கமான ஒன்று, ஒரே ஒரு ஃபிளாஷ். தேடி வாங்கினால் உங்கள் பணத்துக்குள் முடித்துவிடலாம். 50 மிமீ மலிவாகக் கிடைக்கும். ஆனால் ஏபிஎஸ்-சியில் அது 75 அல்லது 80 மாதிரி நடந்துகொள்ளும், நம் வீட்டு அறைகளில் சுவரில் முதுகு முட்டும். 35 வாங்குங்கள்.

உங்களுக்குப் பிரச்சினை கேமராவில் வராது, சுவரில் வரும். நம் ஊர் வீடுகளில் கிளிப்பச்சை, ரோஸ், வயலட் என்று ஒவ்வொரு அறைக்கும் ஒரு நிறம். ஃபிளாஷை அந்தச் சுவரில் அடித்துத் திருப்பினால் குழந்தையின் கன்னமும் கிளிப்பச்சை ஆகும். கூரை வெள்ளையாக இருந்தால் மேலே அடியுங்கள். ஓட்டு வீடு என்றால் மேலே அடித்த வெளிச்சம் ஓட்டோடு போய்விடும், திரும்பி வராது. அதற்கு ஒரு வெள்ளைக் குடையும் ஸ்டாண்டும் எடுத்துப் போங்கள். முடிந்தவரை ஜன்னலோரம் பாயை விரித்து, ஃபிளாஷ் இல்லாமலே எடுங்கள். பிறந்த குழந்தைக்கு அதுதான் நல்லது, அம்மாக்களும் நிம்மதியாக இருப்பார்கள்.

கேள்வி: முட்டம், சொத்தவிளை பக்கம் அவுட்டோர் ஷூட் போய் வந்தபிறகு கேமராவை எப்படிப் பாதுகாப்பது?
— குளச்சல் வாசகர்

பதில்: கடற்கரையில் லென்ஸ் கழற்றாதீர்கள், இதுதான் முதல் விஷயம். வீட்டுக்கு வந்ததும் உலர்ந்த துணியால் தேய்த்தால் உப்பும் மணலும் கீறும். முதலில் ஊதும் பந்தால் மணலைத் தள்ளிவிட்டு, நல்ல தண்ணீரில் நனைத்து இறுகப் பிழிந்த துணியால் ஒற்றி எடுங்கள். டிரைபாட் கால்களை நல்ல தண்ணீரில் அலசுங்கள்.

நமக்குத் தென்மேற்கும் வடகிழக்கும் இரண்டுமே மழை கொடுக்கும், ஈரம் விடுவதே இல்லை. கேமராவைத் துணிப் பையிலேயே வைத்துப் பீரோவில் பூட்டி வைப்பதுதான் பூஞ்சைக்கு நாமே போடும் விருந்து. டிரை கேபினெட் வாங்க முடியாவிட்டால், இறுக மூடும் பெரிய பிளாஸ்டிக் டப்பா, சிலிகா ஜெல், ஈரப்பதம் காட்டும் சின்ன மீட்டர். 40-லிருந்து 50 சதவீதத்துக்குள் இருக்கட்டும். நீல ஜெல் ரோஸ் நிறமானால் சூடாக்கி உலர்த்திக்கொள்ளலாம். சமையல் பாத்திரத்தில் மட்டும் வேண்டாம்.

கேள்வி: பார்ட்டி (ஆர்டர் தருகிற வீட்டார்) டிரோன் ஷாட் கேட்கிறார்கள். ஒன்று வாங்கிவிடலாமா?
— குலசேகரம் வாசகர்

பதில்: முதல் வருடத்தில் வேண்டாம். 2021 டிரோன் விதிகளின்படி 250 கிராமுக்கு மேற்பட்ட டிரோனைக் காசுக்குப் பறக்கவிட ரிமோட் பைலட் சான்றிதழ் வேண்டும். 2022 பிப்ரவரியிலிருந்து வெளிநாட்டு டிரோனை இறக்குமதி செய்யவும் தடை இருக்கிறது, வெளிநாட்டிலிருந்து யாரையும் கொண்டுவரச் சொல்லாதீர்கள். சான்றிதழ் உள்ள ஆபரேட்டரை அன்றைக்கு மட்டும் கூட்டிப் போங்கள். பறக்கவிடும் இடம் எந்த மண்டலத்தில் வருகிறது என்று டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தில் அவரையே பார்க்கச் சொல்லுங்கள். அவருடைய கூலியைப் பார்ட்டியிடம் தனி வரியாக எழுதிக் காட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் பேலன்ஸ் தரும்போது 'டிரோனும் சேர்த்துத்தானே பேசினோம்' என்று வரும்.