ரயிலுக்கு முன்பே வந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா,

இந்தியப் பெருங்கடலில் உள்ள பிரெஞ்சுத் தீவான நம் ரீயூனியனில், கிராந்த் ஷலூப் ரயில் நிலையத்தை மீண்டும் திறந்து, லா பொசெஸியோன் வரை சுற்றுலா ரயில் விடவேண்டும் என்று நண்பர்கள் சேர்ந்து ஒரு விண்ணப்பம் எழுதுகிறோம். நம் முன்னோர் கப்பலிலிருந்து இறங்கி, இந்த நிலையத்தில் ரயிலேறித்தான் கரும்புத் தோட்டங்களுக்குப் போனார்கள் என்பதை முதல் காரணமாகச் சொல்லியிருக்கிறோம். தாங்கள் கையெழுத்திடுவீர்களா? நிலையத்தில் தமிழிலும் பெயர்ப்பலகை கேட்கலாமா?

ஒரு வாசகர், லா பொசெஸியோன்

அன்புள்ள தம்பிக்கு,

சில காலமாக என் மனத்தில் கிடந்த ஒன்றை உங்கள் கடிதம் கிளறிவிட்டது. பெயர்ப்பலகையைத் தாராளமாகக் கேளுங்கள். அதில் விவாதிக்க ஒன்றுமில்லை. ஆனால் உங்கள் முதல் காரணம் தவறு, அதை நீக்காமல் நான் கையெழுத்திட மாட்டேன்.

சான் பெனுவாவிலிருந்து சான் தெனி வழியாகச் சான் பியேர் வரை 126 கிலோமீட்டர் நீண்ட அந்த ஒரு மீட்டர் அகலத் தண்டவாளப் பாதையில் ரயில் ஓடத் தொடங்கியது 1882இல். அதே 1882இல்தான், ஒப்பந்தத் தொழிலாளர்கள் இங்கே நடத்தப்பட்ட விதம் பொறுக்காமல், இந்தியாவிலிருந்து ரீயூனியனுக்கு ஆள் அனுப்புவதை ஆங்கிலேய அரசு நிறுத்தியது. 1859இல் வாந்திபேதி தீவை உலுக்கிய பிறகு கிராந்த் ஷலூப் பள்ளத்தாக்கில் லாசரே என்னும் தொற்றுத்தடைக் கொட்டடிகள் கட்டப்பட்டன. புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கப்பலேறி, ஐந்தாண்டு ஒப்பந்தத்தோடு வந்து, அம்மைக்கும் வாந்திபேதிக்கும் அஞ்சிய அதிகாரிகளால் அங்கே அடைத்து வைக்கப்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு இங்கே தண்டவாளம் என்ற ஒன்றே கண்ணில் பட்டிருக்காது. அவர்களில் சிலர் அந்தப் பள்ளத்தாக்கைத் தாண்டாமல் அங்கேயே மண்ணுக்குள் போனார்கள். நான் காரைக்காலில் பிறந்தவன். அவர்களுக்கு நடக்காத ஒரு பயணத்தை நாம் கட்டிச் சொல்வதை என்னால் பொறுத்துக்கொள்ள முடியவில்லை. நிலையத்திலிருந்து நடந்தே போகும் தூரத்தில், புதுப்பிக்கப்பட்ட லாசரேயில் காட்சிக்கூடமே இருக்கிறது. பக்கத்து ஊரில் வாழும் நீங்கள் ஒருமுறை உள்ளே போய் நிதானமாகப் படித்துப் பார்த்திருந்தால் இந்த வரியை எழுதத் துணிந்திருக்க மாட்டீர்கள்.

இப்படிச் சொல்வதால் அந்த ரயிலுக்கும் நமக்கும் உறவில்லை என்று ஆகிவிடாது. அது வந்தவர்களின் ரயில் அன்று. அவர்களுடைய பிள்ளைகளின், பேரப்பிள்ளைகளின் ரயில். அனுமதிச் சீட்டின்றித் தோட்டத்தை விட்டு நகர்ந்தாலே நாடோடிக் குற்றம் என்று பிடிபட்ட தலைமுறைக்குப் பின்னால் வந்தவர்கள், காசு கொடுத்துச் சீட்டு வாங்கி, யாரிடமும் கேட்காமல் அடுத்த ஊர்க் கோயிலுக்கும் சந்தைக்கும் போனார்கள். சான் ஆந்த்ரேயில் எனக்கு அண்டை வீட்டுக்காரராக இருந்த பெரியவர் ஒருவர், தாயோடு போன பயணத்தைச் சொல்லுவார். சான் தெனியைத் தாண்டியதும், பத்துக் கிலோமீட்டருக்கு மேல் மலையைக் குடைந்து போன அந்தச் சுரங்கத்துக்குள் வண்டி நுழையும்; தாய் துண்டைத் தண்ணீரில் நனைத்து மகனின் மூக்கையும் வாயையும் பொத்துவாள். கிராந்த் ஷலூப் வந்ததும் பள்ளத்தாக்கின் வெளிச்சமும் கடற்காற்றும் ஒரு நிமிடம் கிடைக்கும், பிறகு மறுபடியும் இருட்டு. துண்டில் படிந்த கரி எத்தனை துவைத்தாலும் போகாது என்பார். அந்த இடத்தில்தான் தன் பாட்டனார் அடைபட்டுக் கிடந்தார் என்பதை அந்தத் தாய் மகனுக்குச் சொன்னதில்லை. அது அவளுக்கே தெரிந்திருக்கவில்லை. அந்த நிலையத்தின் வரலாறு என்று நான் மதிப்பது இதைத்தான்.

கிழக்கிலும் தெற்கிலும் தண்டவாளங்கள் முன்னதாகவே போயின. 1963இல் மலையடிவாரக் கடற்கரைச் சாலை திறந்ததும் மிச்சமிருந்த துண்டும் நின்றது. அந்தச் சாலையில் 2006இல் பாறை சரிந்து இருவர் இறந்தார்கள். டிராம்-ரயில் திட்டத்தை 2010இல் கைவிட்டவர்கள், கடலுக்குள் 5.4 கிலோமீட்டர் மேம்பாலச் சாலையைக் கட்டினார்கள். அன்றாடம் வேலைக்குப் போகிறவனுக்கான ரயிலைக் கேட்காமல் சுற்றுலாப் பயணிக்கான ரயிலை மட்டும் கேட்பதில் எனக்கு வருத்தம் உண்டு. இருந்தாலும் அது தொடக்கம் என்றால் தடுக்க மாட்டேன்.

1963இல் பத்து வயதாக இருந்தவர்கள் இன்று எழுபதைக் கடந்துவிட்டார்கள். விண்ணப்பத்துக்குக் கையெழுத்துத் தேடி அலைவதற்கு முன்னால் அவர்கள் வீட்டுத் திண்ணையில் போய் உட்காருங்கள். தீவின் பேச்சுமொழியான கிரியோலில் பேசினால் கிரியோலிலேயே பதிவுசெய்யுங்கள். எந்த நிலையத்தில் ஏறினார்கள், எதைச் சுமந்து போனார்கள், யாரைப் பார்க்கப் போனார்கள் என்று கேட்டு எனக்கு அனுப்புங்கள். அவற்றைத் தமிழில் எழுதித் தருவது என் பொறுப்பு.